முன்னேற்றத்துக்கு ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள்!

(நமது சங்கத்தின் மாதாந்திர ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



"அரை மணி நேரம் ஏதாவது பேசுங்கள் சார். ஆனால் வங்கிக் கணக்கு மட்டும் வேண்டாம்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். ஆகவே ஆங்கிலச் சொற்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். நான் மொழி ஆசிரியன் அல்லன். பி.காம். படித்துவிட்டு முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் எழுத்தராக வேலை பார்த்தவன். அகராதியைப் புரட்டுவது ஓய்வுக்குப் பிறகு வந்த பழக்கம். பேச்சின் கடைசியில் கணக்கு கொஞ்சம் தலைகாட்டும். செயலாளர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் எல்லோர் வீட்டிலும் பீரோவில் ஒரு ஃபைல் இருக்கிறது. வீட்டுப் பத்திரம், கடன் காகிதங்கள் எல்லாம் அதில்தான். அதை எடுத்துப் பாருங்கள். முதலில் அட்வான்ஸ் கொடுத்த ரசீது இருக்கும். கட்டுமான ஒப்பந்தத்தில் டெவலப்மென்ட், புரமோட்டர் என்ற சொற்கள் இருக்கும். வீடு விற்ற கம்பெனியின் வண்ணப் புத்தகத்தில் அப்ரிசியேஷன், குரோத் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கட்டடம் முடியும்வரை நமக்கு வந்த கடிதங்களில் 'வேலை ப்ராக்ரஸில் இருக்கிறது' என்று எழுதியிருப்பார்கள். எல்லாமே முன்னே போவதையும் வளர்வதையும் சொல்லும் சொற்கள். தமிழில் முன்னேற்றம், வளர்ச்சி என்று இரண்டில் நாம் முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனிப் பிறப்பு, தனித்தனிக் குணம். யார் நகர்கிறார், யார் தள்ளுகிறார், லாபம் யாருக்கு என்பது சொல்லுக்குச் சொல் மாறும். அதைத் தெரிந்துகொண்டால் காகிதம் படிக்கும்போது உதவும்.

முதலில் ப்ராக்ரஸ். லத்தீன் மொழியில் 'கிராதுஸ்' என்றால் அடி, படி. 'ப்ரோ' என்றால் முன்னே. முன்னே அடி எடுத்து வைப்பதுதான் ப்ராக்ரஸ். கிரேடு, டிகிரி, கிராஜுவேட் எல்லாம் இதே குடும்பம். கிராஜுவேட் என்றால் ஒரு படி ஏறியவர், அவ்வளவுதான். காங்கிரஸ் என்ற சொல்லும் இதே வேர். பல பேர் நடந்து வந்து ஓரிடத்தில் கூடுவது என்று பொருள்.

ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் ப்ராக்ரஸ் என்றால் வெறும் பயணம்தான். 16ஆம் நூற்றாண்டில் முதலாம் எலிசபெத் ராணி கோடைகாலத்தில் அரசவையோடு ஊர் ஊராகப் போவார். அதற்குப் பெயரே ராயல் ப்ராக்ரஸ். ராணி தங்கும் மாளிகைக்காரருக்குப் பெருமையும் உண்டு, பெருஞ்செலவும் உண்டு. 1678இல் ஜான் பனியன் எழுதிய 'பில்கிரிம்ஸ் ப்ராக்ரஸ்' என்ற புத்தகத்திலும் அந்தச் சொல்லுக்குப் பயணம் என்றே பொருள். அதைத் தழுவித்தான் திருநெல்வேலிச் சீமைக் கவிஞர் ஹெச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியத்தைப் பாடினார். 1894இல் அது நூலாக வந்தது. தமிழ்த் தலைப்பிலும் யாத்திரைதான் இருக்கிறது.

பயணம் என்றால் எந்தத் திசையிலும் போகலாம். 'நோய் ப்ராக்ரஸ் ஆகிறது' என்று டாக்டர் சொன்னால் நாம் யாருக்கும் இனிப்பு கொடுப்பதில்லை. ஆகவே ப்ராக்ரஸ் என்று யாராவது சொன்னால் எங்கிருந்து எங்கே, எத்தனை அடி என்று கேட்க வேண்டும். பிள்ளைகளின் ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டுக்கும் இது பொருந்தும். சென்ற பரீட்சையில் நம் பிள்ளை நின்ற படி எது, இப்போது நிற்கும் படி எது என்று பார்ப்பதுதான் ப்ராக்ரஸ். எதிர்வீட்டுப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று பார்ப்பது ரேங்க். அது வேறு சமாசாரம். பெற்றோர்கள் மன்னிக்க வேண்டும்.

அடுத்தது அட்வான்ஸ். இது பிரெஞ்சு வழியாக வந்த சொல். வேரில் 'ட்' என்ற ஓசையே கிடையாது. அவான்ஸ் என்றுதான் இருந்தது. ஆங்கிலப் பண்டிதர்கள் 16ஆம் நூற்றாண்டு வாக்கில், லத்தீனில் 'அட்' என்று தொடங்கும் சொற்களைப் போல இதுவும் இருக்கும் என்று நினைத்து இடையில் ஓர் எழுத்தைச் செருகிவிட்டார்கள். அது அப்படியே நிலைத்துவிட்டது. அட்வான்டேஜ் என்ற சொல்லும் இதன் உடன்பிறப்பு. முன்னால் நிற்பவனுக்குச் சாதகம் அதிகம் அல்லவா?

சென்னையில் அட்வான்ஸ் என்றால் வீட்டுக்காரருக்குக் கொடுத்துவைக்கும் பணம். வங்கியில் நேர்மாறு. நாங்கள் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடனுக்கு அட்வான்ஸ் என்று பெயர். வங்கியின் இருப்புநிலைக் குறிப்பில் அது சொத்துப் பக்கம் இருக்கும். அதே தொகை கடன் வாங்கியவர் கணக்கில் பொறுப்பு. நாளைக்கு நாம் சம்பாதிக்கப் போகும் பணம் இன்றைக்கே முன்னால் வந்து நிற்கிறது. பணம்தான் முன்னேறியிருக்கிறது. நாம் முன்னேறினோமா என்பது கடைசி தவணை கட்டிய பிறகுதான் தெரியும்.

புரமோஷனைப் பார்ப்போம். ப்ரோ என்றால் முன்னே என்று சொன்னேன். 'மோவேரே' என்றால் நகர்த்துவது. மூவ், மோட்டார் எல்லாம் அதிலிருந்து வந்தவை. ப்ராக்ரஸில் நடப்பவர் நாம். புரமோஷனில் நம்மை வேறொருவர் நகர்த்துகிறார். எங்கள் வங்கியில் எழுத்தர் ஒருவர் அதிகாரியானால் வேறு மாநிலத்துக்கு மாற்றல் வரும். வயதான பெற்றோரையும் பிள்ளைகளின் படிப்பையும் நினைத்து, புரமோஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் நிறையப் பேர். நானும் கடைசிவரை எழுத்தராகவே இருந்து ஓய்வு பெற்றேன். எங்களை யாரும் நகர்த்தவில்லை. ஆனால் வருஷா வருஷம் இன்க்ரிமென்ட் வந்தது. அந்தச் சொல்லுக்குச் சற்று நேரத்தில் வருகிறேன்.

2016ஆம் ஆண்டு வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில், அதாவது ரெரா சட்டத்தில், வீடு கட்டி விற்பவரைப் புரமோட்டர் என்றுதான் குறிப்பிடுகிறார்கள். வேலையை முன்னே நகர்த்த வேண்டிய பொறுப்பு அவருடையது என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அவர் நகர்த்தாவிட்டால் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இப்போது இங்கிலாந்து மண்ணிலேயே விளைந்த சொல் ஒன்று: குரோ. புல்லைக் குறிக்கும் கிராஸ், பச்சையைக் குறிக்கும் கிரீன், இந்த குரோ, மூன்றும் ஒரே வேர். ஆதியில் குரோ என்ற சொல் செடி கொடிகளுக்குத்தான் பெரும்பாலும் பயன்பட்டது. மற்றவை பெரிதாவதற்கு வேக்ஸ் என்று ஒரு சொல் இருந்தது. இன்று அது அநேகமாகச் சந்திரனோடு ஒட்டிக்கொண்டு பிழைத்திருக்கிறது. நாம் வளர்பிறை, தேய்பிறை என்கிறோமே, அந்த வளர்வதும் தேய்வதும்தான் ஆங்கிலத்தில் வேக்ஸ், வேன்.

வளர்வதற்கு லத்தீனில் 'க்ரெஸ்கேரே' என்று ஒரு வினைச்சொல் உண்டு. அதன் பிள்ளைகளைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். பிறைக்குப் பெயரான கிரசென்ட் ஒன்று. இன்க்ரிமென்ட் இன்னொன்று. வங்கியில் நாங்கள் தினமும் எழுதும் அக்ரூட் இன்ட்ரஸ்ட், அதாவது சேர்ந்திருந்தும் கைக்கு வராத வட்டி, அதுவும் இதே வேர்தான். படைக்கு ஆள் எடுக்கும் ரெக்ரூட் என்ற சொல்லுக்கு மறுபடி வளர்ப்பது என்று மூலப்பொருள். நாம் காலடியில் மிதித்துக்கொண்டிருக்கும் காங்கிரீட் கூட இந்தக் குடும்பம்தான். 'கான்' என்றால் சேர்ந்து. காங்கிரீட் என்றால் சேர்ந்து வளர்ந்தது. ஜல்லி, மணல், சிமென்ட், தண்ணீர் நான்கும் ஒன்றாகி இறுகுகின்றன அல்லவா? நாற்பது வீட்டுக்காரர்கள் ஒரே கட்டடத்தில் இருக்கும் நமக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

இந்தச் சொற்களுக்கெல்லாம் ஒரு பொதுக்குணம் உண்டு. வளர்ச்சி மெதுவாக வரும். நேற்று இருந்ததோடு இன்று கொஞ்சம் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டியதைக் கிள்ளி எடுத்தால் அது வளர்ச்சி ஆகாது. கறிவேப்பிலைச் செடி வைத்தவர்களுக்கு இது தெரியும். துளிர்க்கத் துளிர்க்க ரசத்துக்குக் கிள்ளிக்கொண்டே இருந்தால் செடி உயிரோடு இருக்கும், ஆனால் தொட்டியை விட்டு உயராது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது த்ரைவ். செழித்து வளர்வது என்று பொருள். ஸ்காண்டிநேவியாவிலிருந்து இங்கிலாந்தில் வந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த சொல். தனக்கென்று பற்றிக்கொள்வது என்பது அதன் மூலப்பொருள். அதன் பிள்ளைதான் த்ரிஃப்ட். முதலில் த்ரிஃப்ட் என்றால் செழிப்பு. போகப் போக அந்தச் செழிப்பைத் தரும் சிக்கனத்துக்கே அது பெயராகிவிட்டது. அலுவலகங்களில் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் என்று பார்த்திருப்பீர்கள். ஆங்கிலப் பெயர்ப்பலகையில் த்ரிஃப்ட் என்று இருக்கும். செழிப்பும் சிக்கனமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

டெவலப் என்ற சொல்லுக்கு வேறு கதை. இது பிரெஞ்சுச் சொல். சுற்றி மூடியிருப்பதைப் பிரிப்பது என்று பொருள். இதன் எதிர்ச்சொல் நமக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த என்வலப், கடித உறை. ஒன்று மூடுகிறது, மற்றது பிரிக்கிறது. அந்தக் காலத்தில் ஃபிலிம் ரோலை ஸ்டுடியோவில் கொடுத்து டெவலப் செய்து வாங்குவோம். படம் ஃபிலிமுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. மருந்தில் போட்டதும் வெளியே தெரிகிறது. பிள்ளைகளின் திறமைக்கும் இதைச் சொல்லலாம். வெளியிலிருந்து திணிப்பது டெவலப்மென்ட் அல்ல.

இம்ப்ரூவ் என்ற சொல்லில் சற்று ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இதன் வேர் பழைய பிரெஞ்சில் லாபம் என்ற சொல். ஒன்றை லாபத்துக்குத் திருப்புவதுதான் ஆதியில் இம்ப்ரூவ். இங்கிலாந்தில் கிராமத்து ஜனங்கள் ஆடு மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் வழிவழியாக அனுபவித்த பொது நிலங்கள் இருந்தன. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஆயிரக்கணக்கான தனித்தனிச் சட்டங்கள் போட்டு அவற்றுக்கு வேலியடித்தார்கள். அதை நியாயப்படுத்தியவர்கள் வாயில் இருந்த சொல் இம்ப்ரூவ்மென்ட். விளைச்சல் கூடியது உண்மை. ஆனால் ஒரு பசுவை வைத்துப் பிழைத்த ஏழைக் குடும்பத்துக்கு மேய்ச்சல் போயிற்று. மொட்டைமாடி, கார் நிறுத்துமிடம், தோட்டம் என்று நமக்கும் பொது இடங்கள் இருக்கின்றன. அவற்றில் யாராவது இம்ப்ரூவ்மென்ட் செய்யலாம் என்று வந்தால், லாபம் யாருக்கு என்று ஒரு கேள்வி கேட்பதில் தப்பில்லை.

வெற்றி என்று நாம் சொல்லும் சக்ஸஸுக்கு, பின்னால் வருவது என்றுதான் முதல் பொருள். ஒரு காரியத்தைத் தொடர்ந்து வரும் பலன், நல்லதோ கெட்டதோ, எல்லாமே ஒரு காலத்தில் சக்ஸஸ்தான். வங்கியில் இறந்தவர் பணத்துக்குக் கேட்கும் சக்ஸெஷன் சர்டிஃபிகேட்டும் அதே வேர். அவருக்குப் பின்னால் வருபவர் யார் என்பதற்கான சான்று.

இனிக் கடைசி இரண்டு சொற்கள். முதலாவது அப்ரிசியேஷன். ப்ரைஸ், அதாவது விலை, அதில் ஒளிந்திருக்கிறது. விலை ஏறுவது அப்ரிசியேஷன், இறங்குவது டிப்ரிசியேஷன். நம் வீட்டு மதிப்பு ஏறிவிட்டது என்று மகிழ்கிறோம். பிரித்துப் பார்க்க வேண்டும். ஏறுவது நிலம், அதாவது பத்திரத்தில் உள்ள பிரிபடாத மனைப் பங்கு. கட்டடம் ஒவ்வொரு வருஷமும் தேய்கிறது. லிஃப்ட் தேய்கிறது, ஜெனரேட்டர் தேய்கிறது, தண்ணீர்க் குழாய் தேய்கிறது. நிலத்தின் வளர்பிறையைக் கொண்டாடும் நேரத்தில் கட்டடத்தின் தேய்பிறை நம் தலைக்குமேல் நடந்துகொண்டிருக்கிறது.

இரண்டாவது கேரி ஃபார்வர்டு. பேரேட்டில் ஒரு பக்கம் முடிந்ததும் கூட்டுத்தொகையை எழுதி, அடுத்த பக்கத்தின் தலையில் அதே தொகையை மறுபடி எழுதுவோம். முன்னே எடுத்துச் செல்லப்பட்டது என்று அர்த்தம். பக்கம்தான் முன்னே போகிறது. தொகை ஒரு பைசா கூடுவதில்லை. சொல்லில் ஃபார்வர்டு இருப்பதால் நமக்கு நகர்ந்த மாதிரி தோன்றும்.

செயலாளர் அவர்களே, இப்போது கணக்கு வந்துவிட்டது. நம் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பாருங்கள். கார்ப்பஸ் ஃபண்டு 10,00,000 ரூபாய். ஐந்து வருஷ அறிக்கைகளிலும் அதே 10,00,000. பைசா குறையாமல் காப்பாற்றியிருக்கிறார்கள், பொருளாளர்களுக்கு நன்றி. வைப்புநிதியிலிருந்து 7 சதவீதம் என்று வைத்தால் வருஷம் 70,000 ரூபாய் வட்டி. அதைப் பொதுச்செலவுக்கு எடுத்துக்கொள்வதால் மெயின்டனன்ஸ் தொகை ஏறாமல் இருக்கிறது. நாற்பது வீடுகளுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு மாதம் சுமார் 146 ரூபாய் சலுகை. சின்னச் சலுகைதான். ஆனால் கறிவேப்பிலைத் துளிர் அதுதான்.

வரியை இப்போதைக்கு ஒதுக்கிவைத்து ஒரு மாதிரிக் கணக்குப் போட்டேன். இன்று 10 லட்சம் ஆகும் ஒரு பெரிய வேலை, லிஃப்ட் மாற்றுவது என்று வைத்துக்கொள்வோம். விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறினால் பத்து வருஷத்தில் அதற்கு 17,90,848 ரூபாய் ஆகும். நாம் இப்போது போலவே வட்டியை எடுத்துக்கொண்டே இருந்தால் கையில் அதே 10 லட்சம்தான். பற்றாக்குறை 7,90,848. வீட்டுக்கு ஏறக்குறைய 19,770 ரூபாயை ஒரே தவணையில் கேட்க வேண்டிவரும். அன்றைக்கு நம்மில் பலர் ஓய்வூதியத்தில் இருப்போம்.

வட்டியைத் தொடாமல் விட்டால் அதே 10 லட்சம் பத்து வருஷத்தில் 19,67,151 ஆகும். லிஃப்ட் வாங்கிய பிறகும் 1,76,303 மிஞ்சும். இதற்கு நாம் கொடுக்கும் விலை மாதம் 146 ரூபாய், பத்து வருஷத்துக்கு வீட்டுக்கு 17,500. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதும் அதுவே, மொத்தத்தில் குறைவும் அதுவே.

மாதம் 146 ரூபாய்கூடச் சிலருக்குச் சுமைதான் என்று எனக்குத் தெரியும். ஒரே வருமானத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வீடுகள் இருக்கின்றன. மருந்துச் செலவுக்கே ஓய்வூதியம் போதாத வீடுகளும் இருக்கின்றன. அதனால் முதல் வருஷம் வட்டியில் பாதியை மட்டும் விட்டுவைத்து, அடுத்த வருஷம் முழுவதையும் விடலாம் என்பது என் யோசனை. வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இந்தத் தொகையைக் குடித்தனக்காரர் தலையில் வைக்காமல் தாங்களே கட்ட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கட்டடம் அவர்களுடையது அல்லவா?

முன்னேற்றம் என்ற நம் தமிழ்ச் சொல்லில் ஏற்றம் இருக்கிறது. கிணற்றில் ஏற்றம் இறைத்ததைப் பார்த்த தலைமுறை இங்கே சிலர் இருக்கிறீர்கள். சால் ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்கு வேலையாகத் தெரியும். வாய்க்காலில் தண்ணீர் போகிறதா என்று பார்ப்பதுதான் விவசாயியின் கணக்கு. அடுத்த ஆண்டறிக்கையில் கார்ப்பஸ் ஃபண்டுக்கு நேரே போன வருஷத் தொகை, இந்த வருஷத் தொகை, இன்றைய விலைவாசியில் தேவைப்படும் தொகை என்று மூன்று பத்திகள் போட வேண்டும் என்று பொருளாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் சொன்ன கணக்கும் அந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. தப்பு இருந்தால் திருத்துங்கள். பிள்ளைகள் கால்குலேட்டரில் சரிபார்த்தால் ரொம்ப சந்தோஷம். கூட்டு வட்டிப் பாடம் அவர்களுக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

வட்டியைத் தொடாமல் விடுவதா, எப்போதிலிருந்து என்பதை வரும் பொதுக்குழுவில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்வோம்.